கேஷும் காசும்: ஒரு சொல்லின் பற்று வரவு

நம் விழா மேடைகளில் தவறாமல் கேட்கும் செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல் நம்முடைய 'காசு'தான். ஆங்கிலேயன் நம்மிடமிருந்து பொருளையும் கொண்டுபோனான், பெயரையும் கொண்டுபோனான் என்பர். கைதட்டல் உறுதி. பேச்சாளர் அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. 'கேஷியர்' என்பது காசாளரின் திரிபு என்பார். இன்னும் கொஞ்சம் சூடேறினால் 'கேஷ்யூ' என்னும் முந்திரியும் காசுப்பருப்பாகிவிடும். பொங்கல் விழாவில் தொடங்கி ஆண்டுவிழா வரைக்கும் இந்தச் சரக்கு நன்றாக விலைபோகிறது.

அடியேன் பட்டம் பெற்ற புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, மும்பைக்கு வந்து, எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்து ஆளானவன். கடை மூடிய பின் அகராதியும் நிகண்டும் புரட்டுவது என் பொழுதுபோக்கு. 'கேஷ்' என்ற சொல் என் காதில் ஒரு நாளைக்கு நூறு முறையாவது விழுகிறது. நாள் முழுக்கப் புழங்குகிற சொல்லாயிற்றே, அதன் கணக்கைச் சற்று நேர் செய்து பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலப் பேரகராதிகளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, 'கேஷ்' என்று அங்கே ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் இருக்கின்றன என்பது. எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, ஆனால் தனித்தனிப் பதிவு, தனித்தனிப் பிறப்பு. நம்ம ஆளுங்க பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை. ஒன்றின் பிறப்புச் சான்றிதழை எடுத்து மற்றொன்றின் நெற்றியில் ஒட்டிவிடுகிறார்கள்.

முதலாவது கேஷ், இன்று உலகமெல்லாம் ரொக்கப் பணம் என்ற பொருளில் வழங்குவது. இதன் தாய் இலத்தீன் மொழியின் 'காப்ஸா'. பெட்டி என்று பொருள். அது இத்தாலிய மொழியில் 'காஸா' என்றும் பிரெஞ்சில் 'கேஸ்' என்றும் ஆகி, வணிகர்கள் பணம் வைக்கும் பெட்டிக்குப் பெயராயிற்று. நாம் இன்று கண்ணாடிக்கூடு, நகைப்பெட்டி முதலியவற்றுக்குச் சொல்கிற 'கேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வயிற்றுப் பிள்ளைதான். ஆங்கில எழுத்தில் 'கேஷ்' தலைகாட்டுவது 1590களில். அப்போது பணப்பெட்டி, பெட்டியிலுள்ள பணம் என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. பெட்டி என்ற பொருள் பின்னர் தேய்ந்து மறைந்தது, பணம் மட்டும் நின்றது.

ஆண்டுகளையும் கவனியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். மசூலிப்பட்டினத்தில் அவர்கள் கிடங்கு போட்டது 1611. சென்னையில் இடம் வாங்கியது 1639. அதற்கெல்லாம் முன்னரே இலண்டன் வணிகன் தன் பெட்டியைக் கேஷ் என்று அழைத்துக்கொண்டிருந்தான். போர்த்துகீசியர் 1498லேயே கள்ளிக்கோட்டைக்கு வந்துவிட்டார்களே, அவர்கள் வழியாகப் போயிருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நம் காசு போய் அங்கே கேஷ் ஆகியிருந்தால் அதற்கு முதலில் நாணயம் என்ற பொருள் இருந்திருக்க வேண்டும். பெட்டி என்ற பொருள் எங்கிருந்து வந்தது? தமிழில் எந்தக் காலத்திலும் காசு என்றால் பெட்டி இல்லை. இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் முதல் கேஷைத் தமிழென்று சாதிக்க முடியாது.

பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகுமா என்று ஐயப்படுகிறவர்கள் என் கடைக்கு வந்து பார்க்கலாம். 'கல்லா' என்கிறோம். இந்தியிலும் மராத்தியிலும் 'கல்லா' என்பதே வழக்கு. பாரசீக, அரபு வழியில் அதற்குத் தானியம், விளைச்சல் என்று பொருள். விளைச்சல் வருமானம் ஆயிற்று, வருமானம் போடும் பெட்டி கல்லா ஆயிற்று. இன்று இரவு கடை சாத்தும்போது என் தம்பி, "அண்ணே, இன்னிக்கு கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் பெட்டியின் விலையையா கேட்கிறான்? நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர் வைத்து வகையும் பிரித்திருக்கிறார்கள். இலண்டன்காரனுக்கு நேர்ந்ததும் இதுவே.

இனி இரண்டாவது கேஷுக்கு வருவோம். இதுதான் நமக்கு உரிய பங்கு. இதைக் கோட்டைவிட்டுவிட்டு முதலாவதற்கு வழக்காடுகிறோமே என்பதுதான் என் குறை.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி 'ஹாப்சன் ஜாப்சன்' 1886இல் வெளிவந்தது. பர்னெல் அதை அச்சில் பார்க்கவில்லை, 1882லேயே காலமாகிவிட்டார். அந்த நூலில் கேஷுக்குத் தனிப் பதிவு உண்டு. கிழக்கு நாடுகளில் வழங்கிய பல சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் அது என்றும், தமிழ்க் 'காசு' என்பதிலிருந்தோ அல்லது அதையொத்த ஒரு கொங்கணி வடிவத்திலிருந்தோ போர்த்துகீசியர் 'காய்ஷா' என்று ஆக்கிக்கொண்டார்கள் என்றும், அதிலிருந்து ஆங்கிலக் கேஷ் வந்தது என்றும் அங்கே விளக்கம் காணலாம். கொங்கணியையும் ஒரு வாய்ப்பாக வைத்தது அவர்களுடைய நேர்மை. நம் மேடைக்காரர் அந்தப் பாதியை விழுங்கிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்த்துகீசிய மொழியில் 'காய்ஷா' என்றால் பெட்டி. மேலே சொன்ன இலத்தீன் காப்ஸாவின் வழிவந்ததுதான் அதுவும். காதில் விழுந்த காசு என்ற ஒலியை அவர்கள் தங்கள் ஊர்ப் பெட்டிச் சொல்லின் எழுத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆக, இரண்டு கேஷும் முதன்முதலில் கைகுலுக்கியது ஆங்கிலத்தில் அன்று, போர்த்துகீசியன் பேனாவில். பிறப்பால் உறவில்லாத இருவர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் பார்ப்பவன் அண்ணன் தம்பி என்றுதானே நினைப்பான்?

அந்தக் காய்ஷா மலாய்த் தீவுகளுக்குப் போயிற்று, பிறகு சீனத்துக்குப் போயிற்று. நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செம்பு நாணயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கோத்துச் சரமாகப் புழங்குவார்கள். சீனர் தம் மொழியில் அதற்கு 'வென்' என்பர். உலக அருங்காட்சியகங்களிலோ இன்றைக்கும் அதற்குச் 'சீனக் கேஷ்' என்றுதான் சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சில்லறையின் பெயர் கடல் தாண்டி இன்னொரு பெரிய நாட்டின் நாணயத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு இத்தனை நூற்றாண்டு நிற்கிறது. இதைவிடப் பெரிய செய்தி வேண்டுமா? இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

சென்னையில் கம்பெனி ஆட்சியின் நாணயக் கணக்கே கேஷில்தான் நடந்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திரப் பகோடா, அதாவது வராகன். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1803இலும் 1808இலும் இங்கிலாந்திலேயே அடித்து, ரோமன் இலக்கத்தில் 20 என்றும் பக்கத்தில் கேஷ் என்றும் பொறித்து, சென்னைக்கு அனுப்பினார்கள். 20 காசு நான்கு பலூசுக்குச் சமம் என்று பாரசீகத்திலும் அதில் எழுதியிருக்கும். அந்த 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுப் போவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போயிற்று. 1980களில் முக்குளித்து ஏராளமாக எடுத்தார்கள். நாணயம் சேர்ப்போரிடையே அவை இன்றும் கைமாறுகின்றன. நம் ஊர்ச் சந்தைக்கு வர வேண்டிய காசு, 170 ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்துவிட்டு வேறு ஒருவன் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியதோடு கம்பெனியின் கேஷ் முடிந்தது. திருவிதாங்கூரில் மட்டும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று இந்திய விடுதலை வரைக்கும் ஓடியது. புதுக்கோட்டையின் அம்மன் காசைப் பழைய குடும்பங்கள் பூசைப் பெட்டியில் வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

கொடுத்ததைச் சொன்னால் வாங்கியதையும் சொல்லிவிட வேண்டும். நாம் உரிமையோடு சொல்கிற 'துட்டு', டச்சுக்காரரின் 'டொய்ட்' என்ற செப்பு நாணயத்தின் பெயர் என்பர்.

தமிழில் காசு என்ற சொல்லின் வயதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை பாடிய ஒரு பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழத்துக்கு உவமை வருகிறது. புது நூலில் கோப்பவன் தன் கூரிய நகநுனியில் பிடித்திருக்கும் பொற்காசு போல என்று. அங்கே காசு கடைத்தெருவில் கைமாறும் பணம் அன்று. அணிகலனில் கோக்கும் பொன்மணி. இன்றைக்கும் நம் வீட்டுப் பெண்கள் காசுமாலை போடுகிறார்களே, அந்தப் பழைய பொருள் கழுத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சோழர் காலத்துக்கு வந்தால் காசு முழுமையாகப் பணமாகிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் காலத்தில் ஊரார்க்குக் காசு கடன் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை வாங்கிய கணக்குகள் உண்டு. நூற்றுக்குப் பன்னிரண்டரை. பொலிசை என்றால் வட்டி. வங்கியில் கடன் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வீதம் அந்நியமாகத் தெரியாது!

இலக்கணத்திலும் காசு புகுந்திருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடு பள்ளியில் படித்திருப்போம். எங்கள் சமணப் பெரியவர் அமிதசாகரர் செய்த யாப்பருங்கலக்காரிகையில் அது காணக்கிடைக்கிறது. குற்றியலுகரத்தில் முடியும் சீருக்கு எடுத்துக்காட்டு தேடியவர்க்கு நாக்கில் வந்து நின்ற சொல் காசு. அத்தனை எளிய வழக்குச் சொல்லாக அது இருந்திருக்கிறது. இன்னொன்று: அகராதியில் காசு என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. காசு சம்பாதித்தவனைக் கேட்டால் சிரிப்பான்.

வடமொழியில் 'கர்ஷம்' என்பது ஓர் எடையின் பெயர். பாலியில் 'கஹாபணம்' என்று வரும் பழைய நாணயத்தின் முன்பாதியும் அதுவே. அதிலிருந்து காசு வந்தது என்பாரும் உளர். யூலும் பர்னெலும் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். குறுந்தொகையின் பொன்மணியை வைத்துப் பார்க்கும்போது எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. எடையிலிருந்து நாணயம் பிறப்பது இயல்பு, கழஞ்சு அப்படித்தான். எடையிலிருந்து கோக்கிற மணி பிறக்குமா? மணியிலிருந்து நாணயம் பிறந்தது என்பதே எனக்கு இசைவாகப் படுகிறது.

இடையில் கேஷியரையும் கேஷ்யூவையும் தீர்த்துவிடுகிறேன். பெட்டிக்கு முன் உட்காரும் கேஷியர் பெட்டிச் சொல்லின் பிள்ளை. ஆங்கிலத்தில் ஒருவனைப் படையிலிருந்து அவமானப்படுத்தி நீக்குவதற்கும் 'கேஷியர்' என்ற வினை உண்டு. ஷேக்ஸ்பியர் 'ஒதெல்லோ'வில் ஆள்கிறார். அது பெட்டியும் இல்லை, காசும் இல்லை. உடைத்தல், முறித்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் டச்சுப் போர்க்களம் வழியாக வந்தது. கேஷ்யூ பிரேசில் நாட்டுப் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல். மரத்தோடு பெயரையும் போர்த்துகீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடினால் மும்பை உள்ளூர் இரயிலில் இடித்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லாரும் நமக்கு மாமன் மைத்துனர்தான்.

இனி இன்றைய வழக்கு. என் அனுபவத்தில் கேஷ் என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. எதிரே எந்தச் சொல் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் பொருள். நான் கடையில் பையனாகச் சேர்ந்த காலத்தில் கேஷுக்கு எதிர்ச்சொல் கடன். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று ஊர்க் கடைகளில் பலகை தொங்கும். இங்கே 'ஆஜ் நகத், கல் உதார்'. பிறகு காசோலை வந்தது. "கேஷா, செக்கா?" என்றோம். அப்போது கேஷ் என்றால் நோட்டு. பிறகு அட்டை. இப்போது 2016இல் யூபிஐ வந்து, பத்து ரூபாய்க் கரண்டிக்கும் கைப்பேசியை நீட்டுகிறார்கள். "கேஷ் இல்லை அங்கிள், ஸ்கேன் பண்றேன்" என்கிறது பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எழுதிக் கொடுப்பது என்ன? 'கேஷ் மெமோ'! ஏனென்றால் கடன் இல்லை, உடனடிப் பணம். ஒரே வியாபாரத்தில் வாங்குபவர் கேஷ் இல்லை என்கிறார், விற்பவர் கேஷ் என்று எழுதுகிறார், இருவரும் பொய் சொல்லவில்லை.

கணக்காய்வாளரிடம் போனால் வேறு கதை. கணக்கியல் தரத்தின்படி பணவரத்து அறிக்கையில் கையிருப்பும் கேஷ், கேட்டவுடன் கொடுக்கும் வங்கி வைப்பும் கேஷ். வருமான வரிக்காரரிடம் போனால் வங்கி வழியாக வந்தது கேஷ் ஆகாது. 2017 முதல் ஒருவரிடம் ஒரே நாளில் 2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் தண்டம். வங்கி மேலாளரிடம் போனால் 'கேஷ் கிரெடிட்' என்பார். அது சரக்கின் பேரில் தரும் கடன் வரம்பு. ஸ்காட்லாந்து ராயல் வங்கி 1728இல் தொடங்கி வைத்த முறை அது. ரொக்கம், கடன் என்ற இரண்டு எதிரிகளையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

இதில் மொழிபெயர்ப்பாளர்கள் செய்த கூத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, 'கேஷ்லெஸ்' என்ற சொல் எங்கும் பறந்தது. தமிழில் சிலர் 'ரொக்கமில்லா' என்று எழுதினார்கள், சிலர் 'பணமில்லா' என்று எழுதினார்கள். 'பணமில்லாப் பரிவர்த்தனை' என்றால் என்ன? பணமே இல்லாமல் எப்படிப் பரிவர்த்தனை? நோட்டு இல்லை, பணம் உண்டு. அது வங்கிக் கணக்கில் இருக்கிறது. ரொக்கம் என்ற சொல் நம்மிடம் பழுதில்லாமல் இருக்கிறது. மராத்தியின் ரோக், குஜராத்தியின் ரோகடு, இந்தியின் ரோகட் எல்லாம் அதற்கு உறவு. மும்பைத் தெருவில் 'ரோக்டா' என்றால் தெரியாதவர் இல்லை. இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும் சொல்லை விட்டுவிட்டுப் பொருள் கெடும் சொல்லை ஏன் எடுத்தாள வேண்டும்?

இது வெறும் புலவர் சண்டை இல்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு வயதான அம்மாள், கணவரை மருத்துவமனையில் சேர்த்தார். காப்பீட்டு அட்டையைப் பார்த்துவிட்டு யாரோ 'கேஷ்லெஸ்' என்றார்கள். பக்கத்தில் இருந்த நம்மவர் ஒருவர், "பணமே வேண்டாம்மா" என்று அதைத் தமிழாக்கிச் சொன்னார். அந்த அம்மாள் நிம்மதியாகத் தனி அறை கேட்டு வாங்கிக்கொண்டார். விடுவிக்கும் நாளில் நீண்ட பட்டியல் வந்தது. அறை வாடகை பாலிசி வரம்பைத் தாண்டியதால் அதற்கேற்ற விகிதத்தில் மற்ற கட்டணங்களிலும் கழித்துவிட்டார்கள். கையுறை, பஞ்சு போன்ற காப்பீட்டில் சேராத பொருள்களுக்குத் தனி. மாலை வரைக்கும் அவர் வளையலைக் கழற்றுவதா, மகனுக்குத் தந்தி அடிப்பது போலப் போன் அடிப்பதா என்று தவித்ததைப் பார்த்தவன் நான். கேஷ்லெஸ் என்றால் காப்பீட்டு நிறுவனம் தன் பங்கை மருத்துவமனைக்கு நேராகச் செலுத்தும், நாம் அந்தப் பங்கை முன்கூட்டி ரொக்கமாகக் கட்ட வேண்டாம் என்பது மட்டுமே. இலவசம் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

நம் பிள்ளைகள் இங்கே தமிழைப் பள்ளியில் படிப்பதில்லை. நாம் மேடையில் சொல்வதும் மலரில் எழுதுவதும்தான் அவர்களுக்குப் பாடநூல். என் பேரன் வகுப்பில் எழுந்து கேஷ் தமிழ்ச் சொல் என்று சொல்ல, ஆசிரியை அகராதியைக் காட்டி அவனை உட்காரவைத்திருக்கிறார். அவர் காட்டியது முதல் பதிவை. அவனுக்கு இரண்டாவது பதிவு இருப்பது தெரிந்திருந்தால் சீனக் காசைப் பற்றி அவன் அந்த வகுப்புக்கே சொல்லியிருக்கலாம். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்தில் இருப்பதை எந்த ஆசிரியையும் அடிக்க முடியாது. அவனுக்கு இப்போது இரண்டு பதிவையும் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் சங்க நூலகத்தில் ஹாப்சன் ஜாப்சன் ஒரு படி இருந்தால் நன்று, மறுபதிப்புகள் கிடைக்கின்றன. வாங்கிப் போடுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.